"நான் எழுத்து கத்துக்கிற ஆள் இல்ல மேடம்"

கேள்வி: பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணி நேரம் தமிழ் சொல்லித் தருகிறேன். பீகார், ஜார்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த 22 பேர் படிக்கிறார்கள். பெரியவர்களுக்கு மொழி கற்பிப்போருக்கான ஒரு பயிற்சி முகாமில் 16 கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொருவரின் 'கற்றல் பாணி'யைக் கண்டுபிடித்து அதற்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். காட்சிக் குழுவுக்குப் படமும் எழுத்தட்டையும், செவிக் குழுவுக்குப் பாட்டும் உரையாடலும், செயல் குழுவுக்கு விளையாட்டும் நடிப்பும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால், செவிக் குழு ஓரளவு பேசுகிறது. பஸ் போர்டு வாசிக்கத் தெரியவில்லை. காட்சிக் குழு போர்டை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது. மளிகைக் கடையில் வாய் திறப்பதில்லை. செயல் குழுவில் 45 வயதான ஒருவரிடம் எழுத்துப் பழகலாம் என்றால், "நான் எழுத்து கத்துக்கிற ஆள் இல்ல மேடம், நீங்கதானே டெஸ்ட் வெச்சு சொன்னீங்க" என்கிறார். நான் பிரித்த விதம் தவறா? அடுத்த முகாமில் எட்டு வகை நுண்ணறிவு பற்றிச் சொல்லித் தரப் போகிறார்களாம். ஒவ்வொரு பாடத்தையும் எட்டு விதமாக நடத்த வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த 45 வயதுக்காரர் சொன்ன இடத்துக்கு வந்ததும் மனசு கனத்துப்போனது. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு, கிடைக்கும் ஒரே ஓய்வு நாளில் குளித்துத் தலைசீவி வகுப்புக்கு வருகிற மனிதர். அவருக்கு எழுத்து வராது என்று ஒரு தாள் சொல்லியிருக்கிறது. அவரும் நம்பிவிட்டார். உங்கள் மேல் உள்ள மரியாதையால் நம்பியிருக்கிறார்.

எனவே முதல் பதிலைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமையே அந்த மூன்று குழுக்களையும் கலைத்துவிடுங்கள். நீங்கள் பிரித்த விதத்தில் தவறில்லை. அப்படிப் பிரித்தால் பலன் வரும் என்று உங்களிடம் சொன்னதுதான் தவறு.

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 16 கேள்விகள் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது 'வார்க்' எனப்படும் வினாத்தாளாக இருக்க வேண்டும். நியூசிலாந்தில் நீல் ஃப்ளெமிங் என்பவர் உருவாக்கி, 1992-ல் வெளியிட்டது. காட்சி, செவி, வாசிப்பு-எழுத்து, செயல் என்று அதில் நான்கு வகை. இதுபோல இன்னும் எத்தனையோ உண்டு. 2004-ல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவரது குழுவினரும் தேடித் தொகுத்தபோது 71 வகைப்பாடுகள் கிடைத்தன. ஒரே மனிதரை 71 விதமாகப் பிரிக்கலாம் என்றால், எந்தப் பிரிவை நம்பிப் பாடம் நடத்துவது?

இரண்டாம் மொழி கற்பிப்பவர்களிடம் இந்தச் சிந்தனை பரவ ஜாய் ரீட் 1987-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அமெரிக்காவில் ஆங்கிலம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் "எப்படிக் கற்கப் பிடிக்கும்?" என்று கேட்டார். கையால் செய்து, உடலை இயக்கிக் கற்கப் பிடிக்கும் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். குழுவாகப் படிக்கப் பலருக்கும் பிடிக்கவில்லை. நேர்மையான ஆய்வுதான். ஆனால் அது கேட்டது பிடித்ததைப் பற்றி. பிடித்த விதத்தில் கற்பித்தால் அதிகம் கற்கிறார்களா என்பது வேறொரு கேள்வி. நம் துறையில் பலர் முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவது கேள்விக்கு விடையாக எழுதிக்கொண்டார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன்.

அந்த இரண்டாவது கேள்வியை எப்படிச் சோதிப்பது? 2008-ல் ஹெரால்ட் பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியார்க் என்ற நான்கு உளவியலாளர்கள் இதைத் தெளிவாக வரையறுத்தார்கள். காட்சிக்காரர்களில் பாதிப் பேருக்குப் படத்தால் கற்பியுங்கள். மீதிப் பாதிக்குப் பேச்சால் கற்பியுங்கள். செவிக்காரர்களையும் அதேபோல் இரண்டாகப் பிரியுங்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு வையுங்கள். படத்தால் கற்ற காட்சிக்காரரும் பேச்சால் கற்ற செவிக்காரரும் முந்தினால் கற்றல் பாணி உண்மை. இந்த நிபந்தனையோடு அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். முறையாக நடந்தவை மிகச் சில; அவற்றிலும் பல எதிர்மாறான முடிவையே காட்டின. 2015-ல் பெத் ரோகௌஸ்கியும் மற்றவர்களும் படித்த பெரியவர்களை வைத்தே இதைச் செய்து பார்த்தார்கள். சிலர் ஒரு நூலின் பகுதியைக் காதால் கேட்டார்கள், சிலர் கண்ணால் வாசித்தார்கள். உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் தேர்வு வைத்தார்கள். 'நான் கேட்டுக் கற்பவன்' என்று சொன்னவர்கள் கேட்டபோது கூடுதலாகப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. வாசிப்பவர்கள் விஷயத்திலும் அதேதான்.

ஆனாலும் நம் அனுபவத்தில் அது உண்மை போலத் தோன்றுகிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். தோன்றத்தான் செய்யும். பிடித்த வழியில் படிக்கும்போது நன்றாக மண்டையில் ஏறுவது போல இருக்கும். ஏறியதா என்பது மறுவாரம்தான் தெரியும். உங்கள் செவிக் குழு பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஞாயிறுகளில் வகுப்பு எவ்வளவு உற்சாகமாக இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அந்த உற்சாகம் நல்லது, விடாதீர்கள். அதைக் கற்றல் என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

உங்கள் நான்கு மாத அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர்களுக்குப் பேச்சு வந்தது. எழுத்தைப் பார்த்தவர்களுக்கு வாசிப்பு வந்தது. எதைப் பழகினார்களோ அது வந்தது, பழகாதது வரவில்லை. இதில் ஆளின் வகை எங்கே குறுக்கே வருகிறது? குழுவை மாற்றிப் போட்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடமாற்றலில் தமிழ்நாட்டுக்கு வந்த வங்கி அதிகாரிகளுக்கு நான் தமிழ் கற்பித்த காலத்தில், ஓர் அம்மாவுக்கு அந்தத் தாளில் 'வாசிப்பு-எழுத்து' என்று வந்தது. அவருக்குப் பக்கம் பக்கமாகப் பயிற்சித் தாள் கொடுத்தேன். ஆறு மாதத்தில் செய்தித்தாள் தலைப்புகளை வாசித்தார். கவுன்ட்டருக்கு வந்த ஒரு பாட்டி, "கண்ணு, பென்சன் ஏறிடுச்சா பாரு சாமி" என்று கேட்டபோது அவருக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. 'ஏறிவிட்டதா' என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். 'ஏறிடுச்சா' அவர் காதில் விழுந்ததே இல்லை. அவர் என்னிடம் வந்து இதைச் சொன்னபோது கண் கலங்கியிருந்தார். அதன் பிறகு நான் யாருக்கும் அந்தத் தாளைக் கொடுக்கவில்லை.

தமிழ் கற்பிக்கும் நமக்கு இந்த ஆபத்து மற்ற மொழிக்காரர்களைவிட அதிகம். எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் வேறு. கண்ணை மட்டும் நம்பிக் கற்பவர் 'போகிறேன்' என்று தெரிந்துகொண்டு 'போறேன்' கேட்டு விழிப்பார். காதை மட்டும் நம்பிக் கற்பவர் 'நிக்கும்' என்று தெரிந்துகொண்டு 'நிற்கும்' என்ற போர்டைத் தாண்டிப் போய்விடுவார். ஒரு புலனில் நிற்கிறவருக்குப் பாதித் தமிழ்தான் கிடைக்கும். அதிலும் உங்கள் ஊரில் அவர்கள் காதில் விழுவது 'ஏனுங்க', 'சரிங்க', 'வந்துட்டனுங்க' என்கிற கொங்குத் தமிழ். வகுப்பில் அதைத்தான் பேச்சாகக் கற்றுத் தர வேண்டும்.

அப்படியானால் எல்லோரும் ஒன்றா? இல்லவே இல்லை. உங்கள் 22 பேருக்குள் மிகப் பெரிய வேறுபாடுகள் இருக்கின்றன. அவற்றை அந்த 16 கேள்விகள் கேட்கவே இல்லை.

முதலாவதும் பெரியதும்: தன் தாய்மொழியில் வாசிக்கத் தெரியுமா? இதை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். போர்ச்சுகலில் 1979-ல் ஜோஸே மொராயிஸும் சக ஆய்வாளர்களும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஒரு சொல்லின் முதல் மெய்யொலியை எடுத்துவிட்டுச் சொல், அல்லது ஓர் ஒலியை முன்னால் சேர்த்துச் சொல் என்றார்கள். எழுத்தறியாத பெரியவர்களால் அநேகமாக முடியவில்லை. அதே மாதிரி ஊர்க்காரர்கள், ஆனால் வயதான பிறகு வாசிக்கக் கற்றவர்கள், செய்துவிட்டார்கள். சொல்லை ஒலி ஒலியாக உடைத்துக் கேட்கும் திறன் வளர்ந்தால் தானாக வருவதில்லை. எழுத்துக் கற்கும்போது அதுவும் கூடவே வருகிறது. உங்கள் 45 வயதுக்காரர் பள்ளிக்கூடமே போகாதவராக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் 'செயல் வகை' என்று அவர் டிக் அடித்ததற்கு, வாசிப்பு சம்பந்தமான விடைகளை அவரால் தேர்ந்தெடுக்கவே முடியாது என்பது காரணமாக இருந்திருக்கும். அவருக்கு வாய்ப்புக் கிடைக்காததை அந்தத் தாள் அவருடைய இயல்பு என்று எழுதிவிட்டது.

இரண்டாவது, எந்த மொழியிலிருந்து வருகிறார் என்பது. ஒடியாக்காரருக்கு ளகரமும் ணகரமும் வீட்டுச் சொத்து. அவர் மொழியிலேயே இருக்கின்றன. இந்திக்காரருக்கு ளகரம் புதிது, ழகரம் எல்லோருக்கும் புதிது. இந்தியில் எகர ஏகார, ஒகர ஓகாரக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அதனால் 'கொடு'வும் 'கோடு'ம், 'பெட்டி'யும் 'பேட்டி'யும், 'தொடு'வும் 'தோடு'ம் அவர் காதுக்கு ஒன்றுபோலவே விழும். ஒடியா எழுதத் தெரிந்தவருக்கு 'கோ' என்ற எழுத்தைக் காட்டினால் ஒரே நிமிடத்தில் பிடித்துக்கொள்வார், அங்கேயும் ஓகாரக் குறி எழுத்தின் இரண்டு பக்கமும்தான் நிற்கும். இந்தி வாசிப்பவர் 'இதில் ga எங்கே' என்று தேடுவது போல ககரத்துக்கு நான்கு எழுத்தைத் தேடுவார். காங்கேயம் போர்டைக் காட்டி, முதல் 'கா' ஒரு மாதிரியும் மெல்லெழுத்துக்குப் பின் வரும் 'கே' வேறு மாதிரியும் ஒலிப்பதைச் சொல்லிக் காட்டுங்கள். 'நாம'வும் 'நாங்க'ளும் வேறு என்பது இந்திக்காரருக்குத் தெரியாது. சூப்பர்வைசரிடம் "நாம சாப்பிடப் போறோம்" என்று சொல்லிவிட்டு, அவர் ஏன் சிரிக்கிறார் என்று புரியாமல் நிற்பார். மறுபக்கம், 'எனக்கு வேணும்' என்ற அமைப்பு இந்தியிலும் அப்படியே இருக்கிறது, வினை கடைசியில் வருவதும் அப்படியே. அதையெல்லாம் விளக்கி நேரம் போக்க வேண்டாம்.

மூன்றாவது, தமிழ் எதற்கு வேண்டும் என்பது. செக்கிங்கில் இருப்பவருக்கும், குழந்தையை இங்கே பள்ளியில் சேர்த்தவருக்கும், மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவருக்கும் வேண்டிய சொற்கள் வேறு. பெரியவர்கள் இன்றே பயன்படும் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் வகுப்பைவிட்டுப் போக விரும்புவார்கள்.

இனி உங்கள் இரண்டு மணி நேரத்துக்கு வருகிறேன். எல்லோரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். எந்த வழியில் கற்பிப்பது என்பதைக் கற்க வேண்டிய பொருள் முடிவு செய்யட்டும். 'கொடு–கோடு' காது வேலை. கண்ணை மூடச் சொல்லி, குறிலென்றால் ஒரு விரல், நெடிலென்றால் இரண்டு விரல் தூக்கச் சொல்லுங்கள். எழுத்து கண்ணும் கையும் சேர்ந்த வேலை. பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ஏவல் உடம்பு வேலை. 'நில், எடு, வை, திற' என்று சொல்லச் சொல்லச் செய்ய வைக்கும் முறையை ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் அமெரிக்காவில் வளர்த்தெடுத்தார். தமிழுக்கு அது அச்சாகப் பொருந்தும், ஏனென்றால் நம் ஏவல் வினையே பெரும்பாலும் வேர்ச்சொல்லாக இருக்கிறது. 'எடு' கற்றவருக்கு எடுங்க, எடுக்கிறேன், எடுத்தேன் எல்லாவற்றுக்கும் அடி கிடைத்துவிடும். பேச்சுக்கு இரண்டிரண்டு பேர்: ஒருவர் மளிகைக் கடைக்காரர், இன்னொருவர் அரை லிட்டர் எண்ணெய் கேட்பவர். இந்த நான்கையும் 22 பேரும் செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்தில் உங்களிடம் பிடிவாதமாகவே கேட்டுக்கொள்கிறேன். வகுப்பின் முதல் பத்து நிமிடம் நோட்டை மூடி வைக்கச் சொல்லி, போன வாரம் கற்றதை நினைவிலிருந்து சொல்ல வையுங்கள். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, உடனே திருத்துங்கள். ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006-ல் கல்லூரி மாணவர்களிடம் காட்டியது இதைத்தான். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து முன்னால் நின்றார்கள். உங்கள் வகுப்பும் வாரத்துக்கு ஒரு முறைதான். நடுவில் புதன்கிழமை வாட்ஸ்அப்பில் நீங்கள் ஒரு கேள்வியை வாய்ஸாக அனுப்புங்கள், அவர்கள் வாய்ஸிலேயே பதில் சொல்லட்டும். அரை நிமிடம் போதும். ஓவர்டைம் முடித்து வருபவர்களிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை.

குழு பிரிக்கவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுத்து நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். ஏதோ ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், முதல் முறையாக எழுத்தைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். முதல் வகையினருக்கு எழுத்துகளை விரைவாக அறிமுகப்படுத்தலாம். இரண்டாம் வகையினருக்கு 247 எழுத்து அட்டவணையைக் காட்டி மிரட்டாதீர்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பிரிவு நிரந்தரமில்லை, எழுத்து வந்ததும் அந்தப் பக்கம் போய்விடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

எட்டு வகை நுண்ணறிவு பற்றிக் கேட்டீர்கள். ஹார்வர்டில் இருந்த ஹோவர்ட் கார்ட்னர் 1983-ல் மொழி, கணிதம்-தருக்கம், இசை, உடலியக்கம், இடவெளி, பிறரை அறிதல், தன்னை அறிதல் என்று ஏழு சொன்னார். பிறகு இயற்கையை அறிதலைச் சேர்த்தார். அவை தனித்தனித் திறமைகள் என்பது அவர் கருத்து. சோதித்துப் பார்த்தால் அவற்றில் பல ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதால் உளவியலாளர்கள் பலர் இதை ஏற்பதில்லை. உங்களுக்கு முக்கியமானது வேறு: தன் கோட்பாடும் கற்றல் பாணியும் ஒன்றல்ல என்று கார்ட்னரே 2013-ல் பத்திரிகையில் எழுதினார். ஒவ்வொரு பாடத்தையும் எட்டு விதமாக நடத்த வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வேற்றுமை உருபை வைத்துப் பாட்டுக் கட்ட ஓர் ஆசிரியர் ஞாயிறு விடிய விடிய உட்கார்ந்திருப்பதைவிட, நன்றாகத் தூங்கிவிட்டு வந்து 22 பேரோடும் பேசுவது மேல். கார்ட்னரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. பள்ளித் தேர்வில் தோற்றவரை அறிவில்லாதவர் என்று எண்ணாதே என்பது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான துணியில் தையல் விட்ட இடத்தைக் கண்ணால் பிடிக்கிறவர் 'ல'வுக்கும் 'வ'வுக்கும் வித்தியாசம் பார்க்க மாட்டாரா? முகாமுக்குப் போய் வாருங்கள், புதிய விளையாட்டு ஏதாவது கிடைத்தால் வாங்கி வாருங்கள். கேள்வித்தாள் கொடுத்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக அந்த 45 வயதுக்காரர். அவரிடம் நீங்களே பேச வேண்டும், தனியாக. "அண்ணா, அந்த டெஸ்ட் சரியில்லைங்க, நான்தான் தெரியாம வெச்சுட்டேன். உங்களுக்கு எழுத்து வரும்" என்று நேராகச் சொல்லுங்கள். ஆசிரியர் தன் தவறை ஒப்புக்கொண்டால் மரியாதை குறையுமோ என்ற பயம் வேண்டாம். பிறகு அவர் எந்த பஸ்ஸில் போகிறார் என்று கேளுங்கள். பல்லடம் என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் பெரிதாக எழுதிக் கொடுங்கள். ஐந்தெழுத்து. அடுத்த வாரம் அதிலிருக்கும் 'ப'வை வேறு போர்டுகளில் தேடச் சொல்லுங்கள். அதற்கடுத்த வாரம் 'ம்'. அவர் பெயரிலும் அவர் பிள்ளைகள் பெயரிலும் அந்த எழுத்துகள் வந்தால் அதையும் எழுதிக் காட்டுங்கள். மூன்றாவது மாதம், பழைய பஸ் ஸ்டாண்டில் அவரோடு பத்து நிமிடம் நின்று பாருங்கள், எந்த பஸ் வருகிறது என்று அவர் உங்களுக்குச் சொல்லட்டும். என்ன வாசித்தார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.